லெனோராவின் சொல்

எல்டன் விடிவதற்கு முன்பே எழுந்தான். அடுப்பில் இரண்டு விறகைத் தள்ளினான். காப்பித் தண்ணீரை ஏற்றினான். ஈரக் காலுறைகளைக் கம்பியில் புரட்டிப் போட்டான். கதவைத் திறந்து மிதக்கும் கட்டைகளின் மேல் நடந்துபோய் வலைக்குள் எட்டிப் பார்த்தான். சால்மன் மீன் நிறைந்து கிடந்தது. ஒன்றையொன்று உரசிக்கொண்டு, எங்கோ வழி இருப்பதுபோல ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து காப்பியைக் குடித்தான். நேற்றும் இதைத்தான் செய்தான். முந்தாநாளும் இதையேதான்.

அந்த மீன்பொறி கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நங்கூரமிட்டு நிறுத்திய மரச்சட்டம். கீழே வலை, மேலே ஒரு குடிசை, குடிசைக்குள் ஒரு காவலாள். கரையோரமாக வரும் மீனை வலைச்சுவர் மறிக்கும். சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போகும் மீனுக்குத் திரும்பி வரத் தெரியாது. ஊர்க்காரர்கள் படகில் நாளெல்லாம் அலைந்து பிடிப்பதைப் பொறி ஒரு மதியத்தில் பிடித்துவிடும். பிடித்ததெல்லாம் சியாட்டில்காரக் கம்பெனிக்கு. அலாஸ்கா தனி மாநிலமாக வேண்டும் என்று இந்தக் கடற்கரையில் கத்தியவர்களில் பாதிப்பேர் இந்தப் பொறிகளை ஒழிக்கத்தான் கத்தினார்கள். எல்டன் ஃபேர்பேங்க்ஸில் படித்த குளிர்காலத்தில் அவன் கல்லூரியில் உட்கார்ந்துதான் அலாஸ்காவின் அரசியலமைப்பை எழுதினார்கள். மீசையில் மூச்சு உறைந்து நிற்க, பிரதிநிதிகள் கட்டடத்துக்குள் நுழைவதைத் தினமும் பார்த்திருக்கிறான். அந்த வசந்தத்திலேயே மக்கள் அதை ஏற்று வாக்களித்தார்கள், பொறி கூடாது என்ற விதியையும் சேர்த்து. அவன் மனைவி லெனோரா வாக்களித்துவிட்டு வந்து சமையலறையில் ஒரு சுற்று ஆடினாள். ஆனால் மாநிலம் ஆகும்வரை எல்லாம் வெறும் காகிதம். இரண்டு வருஷம் கழித்து இந்தக் கோடையில்தான் வாஷிங்டன் தலையாட்டியது. இனி அலாஸ்காக்காரர்கள் சம்மதம் சொல்ல வேண்டும். இன்று அதற்கான வாக்கு.

லெனோரா இருந்திருந்தால் அவன் இந்த வேலைக்கு வந்திருக்க முடியாது. அவள் மார்ச்சில் செத்துப்போனாள். மே மாதம் கம்பெனி ஆள் தேடியபோது இவன் போய் நின்றான். யாரும் பேச வராத இடம் என்பது ஒன்றுதான் காரணம். வந்தபிறகு தெரிந்தது, இங்கே எதுவும் நிலையாக நிற்காது. நங்கூரம் பிடித்திருந்தது. தரை மட்டும் காலுக்கடியில் நகர்ந்துகொண்டே இருந்தது. படுத்தாலும் நகர்ந்தது. புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் நான்கு முறை எழுந்து வெளியே போய்விட்டு வருவான்.

எட்டு மணிவாக்கில் இயந்திரப் படகின் சத்தம் கேட்டது. சைரஸ், லெனோராவின் அண்ணன்.

"என்ன மாப்ள, கம்பெனிக்காரன் கால்ல சங்கிலி போட்டுட்டானா? ஏறு. ஓட்டுப் போடணும்."

"பொறிய விட்டுட்டு எப்படி வர்றது மச்சான்?"

"ஏன், எவனாவது திருடிருவான்னா? இந்தத் தண்ணில இருக்கற பெரிய திருடன் நான்தான். நான்தான் உன்கூட வர்றேனே."

எல்டன் சட்டையை மாற்றிக்கொண்டு ஏறினான். சைரஸ் வலைக்குள் ஒருமுறை பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினான். பாதி வழியில் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தான்.

"சாயங்காலம் எங்க குலவீட்டுக்கு வந்துரு. தங்கச்சி அடீல் பிள்ளைக்கு லெனோரா பேர வைக்கறோம். நீ எந்திரிச்சு அவ கடைசிச் சொல்லக் குடுத்துரணும்."

"அதான் நீங்களே ஊரெல்லாம் சொல்லிட்டீங்களே."

"நான் சொன்னா அது பேச்சு. நீ குடுத்தாத்தான் அது எங்க சொத்து. காலேஜ்ல இதெல்லாம் மறக்கடிச்சிட்டாங்களா?"

மறக்கவில்லை. அவர்கள் இனத்தில் குலங்களெல்லாம் இரண்டே பக்கம்; லெனோரா காக்கைப் பக்கம், எல்டன் கழுகுப் பக்கம். செத்தவர் பேரும் பாட்டும் கடைசிச் சொல்லும் அவர் தாய்வழிக் குலத்துக்குச் சொந்தம். அந்தச் சொல்லைக் காதால் கேட்டவன் எதிர்ப்பக்கத்தானாக இருந்தால் சபையில் எழுந்து ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தபின் மாற்ற முடியாது. பேரை வாங்கும் பிள்ளை அதைச் சுமந்துகொண்டே வளரும். அது சொன்னதை அதன் பேத்தியும் சொல்லுவாள்.

அடக்கத்தன்று சைரஸ் தோளைப் பிடித்து உலுக்கி, "என்னடா சொன்னா கடைசியா?" என்று கேட்டான். எல்டன் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்தான். மாநிலம் வந்தால் பொறியெல்லாம் போய்விடுமா என்று கேட்டாள் என்றான். பொய்யில்லை. சாவதற்கு முந்தின நாள் வானொலிச் செய்தி கேட்டுவிட்டு அவள் கேட்டதுதான். சைரஸ் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஏப்ரலில் அது ஒரு வரி. ஜூலைக்குள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, புருஷன் கையைப் பிடித்து, பொறியை அறுத்தெறியாமல் என் எலும்பு ஆறாது என்றாள் என்பதுவரை வளர்ந்திருந்தது. அந்தக் கதையில் எல்டன் கடைசிவரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அதனால்தான் அவன் மறுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் வரிசை வாசல் தாண்டி நின்றது. எல்டன் வாக்களித்துவிட்டு வெளியே வந்தான். ஒன்றும் தோன்றவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக்குள் விட்டான், எடுத்தான், மறுபடி விட்டான். சைரஸ் பார்த்தவனையெல்லாம் கட்டிப்பிடித்தான். "உன் வேலை போச்சுடா!" என்று இவன் முதுகிலும் ஓங்கி ஒன்று வைத்தான்.

குலவீட்டில் புகைபோட்ட மீனும் பொரித்த ரொட்டியும் மணத்தன. லெனோராவின் தங்கை அடீல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் இடம் விட்டாள். குழந்தை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

"அத்தான், ஒண்ணு கேக்கவா? அண்ணன் சொல்றத விடுங்க. அவ நெசமா அப்படிச் சொன்னாளா?"

"ஏன்?"

"இல்ல, அக்கா அப்படியெல்லாம் பேசறவளா? யாராவது தும்மினாக்கூடச் சாப்பிட்டீங்களான்னுதான் கேப்பா." அடீல் குழந்தையின் விரல்களைப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். "நீங்க எது குடுத்தாலும் இவ வாங்கிக்குவா. இவளுக்கு என்ன தெரியும்."

சைரஸ் தரையில் கோலைத் தட்டினான். பேச்சு அடங்கியது. காக்கைப் பக்கத்தார் எல்லாரும் இவன் பக்கம் திரும்பினார்கள்.

எல்டன் எழுந்தான். பலகைத் தரை காலுக்கடியில் நகர்வதுபோல இருந்தது. மார்ச் மாதம், மருத்துவமனை ஜன்னலில் ஈரப்பனி வழிந்துகொண்டிருந்தது. அவன் வயிறு சத்தம் போட்டது. அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துச் சிரித்தாள்; ஒன்று சொல்லி அவனை வெளியே அனுப்பினாள். தெருமுனைக் கடையில் நண்டு சூப் சூடாக இருந்தது. இரண்டாவது கிண்ணமும் கேட்டு வாங்கினான். திரும்பி வந்தபோது செவிலி அவள் முகத்தின் மேல் போர்வையை இழுத்துவிட்டிருந்தாள்.

"சொல்லு மாப்ள," என்றான் சைரஸ். "என்ன சொன்னா?"

குழந்தை வாயில் விரலை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தது. எல்டன் வாயைத் திறந்தான். தொண்டையில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

"நீ முதல்ல போய்ச் சாப்பிட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்?"