ஐந்தாவது மன்றாட்டு

எண்பத்து மூன்றின் கோடையில் ஊரே பாதித் தூக்கத்தில் நடமாடியது. ஏரி வெடித்துக் கிடந்தது. ஞாயிறு பூசையில் ஜனங்கள் கண்ணைத் திறந்தபடியே தூங்கினார்கள். பனையோலை விசிறிகள் மட்டும் தாமாக அசைந்தன.

மிக்கேலம்மாள் கோயில் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். தற்காலிக வேலை. ஜூனில் நிரந்தரமாகும் என்று பள்ளியை நடத்தும் பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். பூசையில் மன்றாட்டு வாசிப்பதும் அவள்தான். உபதேசியார் கஸ்பார் தாளில் எழுதித் தருவார். திருச்சபைக்கு ஒன்று, நாட்டை ஆள்பவர்களுக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முடிவிலும் ஜனங்கள் சேர்ந்து சொல்வார்கள்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

அந்த ஞாயிறு நான்கையும் வாசித்து முடித்தவள் தாளை மடிக்கவில்லை. பக்கவாட்டு வாசல் வழியே வளாகத்தின் கம்பிக் கதவு தெரிந்தது. உள்ளே அடிபம்பு. கோயில் குடும்பங்களுக்கு மட்டும் கதவு திறக்கும். வெளியே காலனிப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். வெயிலின் அலையில் அவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பதுபோல் இருந்தது. முன்னால் முனியம்மாள். அவளுடைய மகள் விடியுமுன் அம்மாவோடு தூரத்துத் தோட்டக் கிணற்றுக்கு நடந்துவிட்டு, மிக்கேலம்மாளின் வகுப்பில் சுவரில் சாய்ந்து தூங்கிப்போவாள்.

மிக்கேலம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"கோயில் பம்பைக் காலனிக்கும் திறந்துவிடும் மனதை எங்கள் பங்குத் தந்தைக்குத் தந்தருள வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில்.

அந்தச் சத்தம் ஓட்டுக்கூரை வரை எழும்பி மெல்ல இறங்கியது. இறங்கும்போதுதான் பலர் விழித்தார்கள்.

அடுத்த நாள் தலைமையாசிரியை லூர்தம்மாள் தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனாள். மளிகைக் கடைச் சின்னப்பன், "டீச்சர், எங்க எருமைக்கும் ஒரு மன்றாட்டுப் போடுங்க, பால் வத்திப்போச்சு" என்றான். கடையில் இருந்தவர்கள் அவள் போகும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகச் சாமியாரிடம் போய், பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது, என்ன ஏது என்று கேட்டுச் சொல்லவில்லை என்றார்கள்.

சாமியார் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் கோபப்படவில்லை. பம்பின் ஆழ்குழாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது, எல்லாருக்கும் திறந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இல்லாமல் போகும் என்று விளக்கினார். சொன்னதில் பாதி நிஜம் என்று அவளுக்கும் தெரியும்.

"எனக்கு எதிரா ஊரையே சாட்சி சொல்ல வச்சிட்டியேம்மா. இங்க வந்து சொல்லியிருக்கலாமே?"

"வந்து சொன்னேனுங்க சாமி. அப்ப நீங்க காதுல போட்டுக்கலைங்க."

அவர் மேசைமேல் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். வரும் ஞாயிறு வாசிக்க ஐந்தாவது மன்றாட்டை அவரே எழுதியிருந்தார். வாசித்தால் ஜூனில் வேலை நிரந்தரம். வாசிக்காவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம்.

வீட்டில் அவளும் அம்மா மதலேனம்மாளும்தான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அம்மா தாளை வாங்கி, படிக்கத் தெரியாததால் திருப்பிக் கொடுத்தாள்.

"ரெண்டு வரிதானே. படிச்சிட்டு வூட்டுக்கு வந்துரு."

அவள் தாளை மடித்து வைத்தாள். அரிசியைக் களைந்து உலையில் போட்ட பிறகு அம்மா சொன்னாள்:

"அன்னிக்கு நான் முழிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன்."

ஞாயிறு வந்தது. கோயிலில் யாரும் தூங்கவில்லை. நான்கு மன்றாட்டுகளும் நான்கு பதில்களும் முடிந்தன. அவள் இரண்டாவது தாளை விரித்தாள். நாவடக்கமின்றி ஆலயத்தின் அமைதியைக் குலைத்த என்னை மன்னிக்கும்படி, என்று அதில் இருந்தது. எழுத்துகள் ஆழமில்லாத நீரில் மீன்குஞ்சுகள்போல் கூடின, கலைந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விசிறிகள் நின்றன. வெளியே ஒரு குடம் இன்னொன்றில் இடிக்கும் சத்தம் கேட்டது.

அவள் வாய் திறக்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து மதலேனம்மாளின் குரல் தனியாக வந்தது. "ஆண்டவரே..."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். யார் பழக்கத்தில் சொன்னார்கள், யார் அறிந்து சொன்னார்கள் என்று தெரியவில்லை. சாமியார் பீடத்தில் விரித்திருந்த கைகளைச் சேர்த்தார். பின்பு பூசையைத் தொடர்ந்தார்.

திங்கட்கிழமையும் கம்பிக் கதவு பூட்டியே இருந்தது. மிக்கேலம்மாள் வழக்கம்போல் குளித்து, புடவை கட்டி, வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட மணி அடித்தது. இரண்டாம் வகுப்பின் குரல் ஒன்றாகக் கிளம்பி, வெடித்த ஏரியின்மேல் மிதந்து வந்தது.

"வணக்கம் டீச்சர்."

யாருக்கோ சொன்னார்கள்.

"உட்காருங்க" என்றாள் அவள்.