பதினாலாவது ஷரத்து

கிறிஸ்துதாஸ் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றார். மறுநாள் காலை காபி குடித்துவிட்டு, இனிமேல் எதைக் கண்காணிப்பது என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தார். மகள் பாரீஸில் இருந்தாள். மகன் பெங்களூரில் இருந்தான். வீட்டில் இருந்தது மனைவி ஞானமேரி மட்டும்தான்.

எட்டு வருடங்களுக்கு முன்னால் அவர்கள் பெத்தாங் ஆடப் போன கதை இதுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போய், புதுச்சேரிக்காரர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவற்றில் இந்த ஆட்டமும் ஒன்று. சரளை மண்ணில் ஒரு குட்டி மரப்பந்தை உருட்டிவிட்டு, ஆளுக்கு மூன்று இரும்புக் குண்டுகளை அதன் பக்கத்தில் விழும்படி போட வேண்டும். யாருடைய குண்டு கிட்டே இருக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. எதிராளியின் குண்டு கிட்டே இருந்தால் அதை அடித்துத் தள்ளலாம். பதின்மூன்று புள்ளி எடுத்தவர்களுக்கு வெற்றி. ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் இதற்கு ஒரு கழகம், கழகத்துக்கு ஒரு தலைவர், ஐந்து துணைத் தலைவர்கள், ஒரு செயலாளர் உண்டு. மொத்த உறுப்பினர்கள் இருபத்திரண்டு பேர். சேர்ந்த நான்காவது மாதம் கிறிஸ்துதாஸ் செயலாளர் ஆனார். வேறு யாரும் கேட்கவில்லை.

ஆனதும் முதல் வேலையாகத் தம்பதியர் கோப்பை என்று ஒன்றைத் தொடங்கினார். "சேர்ந்து ஆடும் குடும்பம் ஆட்டம் காணாது" என்று பனியனின் முதுகில் அச்சடித்தார். அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து நெல்லித்தோப்பிலிருந்து கழகத்து மைதானம் வரைக்கும் போவது ஞானமேரியின் அன்றாடக் கடமையாயிற்று. ஊரே அந்த வாசகத்தை அவள் முதுகில் படித்தது.

"மேரி, மணி நாலு இருபத்தஞ்சு."

"தெரியுது."

"தெரிஞ்சா மட்டும் போதுமா? எழுந்திரிக்கணும்."

முப்பது வருடம் நொத்தேர் என்கிற நோட்டரி ஆபீசில் பத்திரம் டைப் அடித்தவள் ஞானமேரி. அந்த முப்பது வருடமும் அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் இருட்டுகிற வரைக்கும் யாரும் எழுப்பக் கூடாது. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்க வேண்டும். வேலையை விட்டு வந்தபோது அது கைக்கு எட்டியது. நாலரை மணி அதைத் தட்டிப் பறித்தது.

தப்பிக்கப் பார்க்காமல் இல்லை.

"நீங்க போய்ட்டு வாங்களேன். நான் படுத்துருக்கேன்."

"தனியா போனா பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க?"

"தனியா வந்துருக்கார்னு நெனைப்பாங்க."

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பிறகு ஒருநாள் முழங்கால் வலிக்கிறது என்றாள். கிறிஸ்துதாஸ் பதறிப்போய் அவளைக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா. தெனம் கொஞ்சம் நடங்க, குனிஞ்சு நிமிருங்க, சரியாய்டும்" என்றார். வீடு திரும்புகிற வழியெல்லாம் ஸ்கூட்டரின் முன்சீட்டிலிருந்து சீட்டிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

மைதானத்தில் அவள் குண்டு போடும்போது அவர் பின்னால் நின்றுகொண்டு, "மணிக்கட்டு, மணிக்கட்டு" என்பார். அவள் அதைக் காதில் வாங்காமல் போடுவாள். குண்டு மரப்பந்துக்கு ஒரு சாண் தள்ளிப் போய் உட்காரும். "பாத்தியா, சொன்ன மாதிரி போட்டே, வந்துடுச்சி" என்பார். அவர் போடுகிற குண்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. எங்கே குறி வைத்தாலும் அதற்கு இரண்டடி இடப்பக்கம்தான் விழும். எட்டு வருடத்தில் காற்று மாறியிருக்கிறது, சரளை மாறியிருக்கிறது, அவர் மூக்குக்கண்ணாடி மூன்று முறை மாறியிருக்கிறது. அந்த இரண்டடி மட்டும் மாறவில்லை. அதைக் கவனித்தவள் ஞானமேரி ஒருத்திதான். அவர் பார்வைக்கு மைதானம்தான் சரியில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் கழகத்தின் ரெக்ளெமான், அதாவது விதிமுறைப் புத்தகம், கரையான் அரித்துப்போனது. கிறிஸ்துதாஸ் அதை அவளிடம் கொடுத்து, "சுத்தமா திருப்பி அடிச்சிக் குடு மேரி, கையெழுத்துப் போட்டு சீல் வச்சிடறேன்" என்றார். புத்தகத்தில் பதின்மூன்று ஷரத்துகள் இருந்தன. ஞானமேரி பதினாலு அடித்தாள். சர்வீஸ் முழுக்கத் தன்னிடம் வந்த காகிதம் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டே பேர் வாங்கியவர் கிறிஸ்துதாஸ். இதிலும் போட்டார். சீலும் வைத்தார். தலைவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. சீலைப் பார்த்தவுடன் சல்யூட் அடிக்கக்கூடியவர், அவரும் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஞானமேரி ஜெயிக்கத் தொடங்கினாள்.

மொத்தம் ஐந்து ஜோடிகள்தான் போட்டிக்கு வந்தார்கள். அதில் இரண்டு ஜோடிகளுக்கு இடுப்புவலி. ஆனாலும் அவர் இடப்பக்கம் போடுகிற குண்டுகளையெல்லாம் ஈடுகட்டி இரண்டு பேருக்காக அவள் ஒருத்தியே ஆட வேண்டியிருந்தது. முதல் வருடம் கோப்பை வந்தது. இரண்டாம் வருடமும் வந்தது. கிறிஸ்துதாஸ் இரண்டு கோப்பைகளையும் மாதா படத்துக்குக் கீழே வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் தன்னுடைய பயிற்சிமுறையைப் பற்றிப் பேசினார்.

மூன்றாம் வருட இறுதியாட்டம் ஆகஸ்ட் பதினாறாம் தேதி நடந்தது. புதுச்சேரிக்கு மட்டும் விடுமுறையான நாள் என்பதால் சிறப்பு விருந்தினர் கிடைப்பது சுலபம். எதிரே ஆடியது ஜெஸ்டினும் ஜோவிதாவும். கல்யாணமாகி எட்டு மாதம். ஜெஸ்டின் மனைவிக்குப் பின்னால் நின்று, "தோள்பட்டை, தோள்பட்டை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஞானமேரிக்கு அதைக் கேட்கும்போதே முழங்கால் வலித்தது.

இடைவேளையில் தண்ணீர் கேன் பக்கம் ஜோவிதா வந்தாள்.

"ஆன்ட்டி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே. எப்படியாவது நீங்க ஜெயிச்சிடுங்க."

"ஏன்டி?"

"நாங்க ஜெயிச்சா தெனம் வரணும்ன்றாரு. காலையில அஞ்சரைக்கு. இப்பவே வாசல்ல வெள்ளக் கோடு போட்டு வச்சிருக்காரு."

ஞானமேரி டம்ளரைக் கழுவி வைத்தாள். "நீ வெளிய போடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

ஜோவிதா மனமாரப் போட்டாள். ஒரு குண்டு வேலியைத் தாண்டிப் போனது. ஆனால் ஜெஸ்டின் நன்றாக ஆடினான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று வந்து நின்றது. கடைசிச் சுற்றில் எல்லாரும் போட்டாயிற்று. மரப்பந்தை ஒட்டினாற்போல ஜெஸ்டினின் குண்டு ஒன்று. அதற்கு அடுத்தபடி ஞானமேரியின் குண்டு. பாக்கி இருந்தது ஒரே குண்டு. அது கிறிஸ்துதாஸின் கையில் இருந்தது. அதைப் போட்டு ஜெஸ்டினின் குண்டை அடித்துத் தள்ளினால் புள்ளி ஞானமேரியின் குண்டுக்கு. பதின்மூன்று. கோப்பை. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க மின்விசிறி.

கிறிஸ்துதாஸ் குண்டைப் போடவில்லை. மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"அன்பார்ந்த பெரியோர்களே, வெற்றி தோல்வி என்பது நிலையில்லாதது. நானும் என் துணைவியாரும் பார்க்காத கோப்பை இல்லை. இளைய தலைமுறைக்கு வழிவிடுவதே பெரியோருக்கு அழகு. இந்தக் கடைசிக் குண்டை..." என்று நிறுத்தி, சிறப்பு விருந்தினரைப் பார்த்தார். சிறப்பு விருந்தினர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கடைசிக் குண்டை நான் இளைஞர்களுக்கு அர்ப்பணிக்கிறேன்."

நான்கு பேர் கைதட்டினார்கள். ஜோவிதாவின் முகம் வெளுத்துப்போனது. கிறிஸ்துதாஸ் வேப்பமரத்தைக் குறி பார்த்து நின்றார். மரம் மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. இரண்டடி இடப்பக்கம் விழுந்தாலும் பயன் இல்லாத தூரம்.

ஞானமேரி அவர் பக்கத்தில் போனாள்.

"என்னாங்க, மரத்துமேல போட்டா வேணும்னே போட்டது பச்சையா தெரியும். ஜெஸ்டினுக்கு அவமானமா இருக்கும். சும்மா ஒரு ரெண்டடி தள்ளிப் போடுங்க. தவறிப்போன மாதிரி இருக்கட்டும். அதான் கௌரவம்."

கிறிஸ்துதாஸ் யோசித்தார். கௌரவம் என்ற சொல் அவருக்குள் எப்போதும் நேராக இறங்கும்.

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

தியாகம் செய்கிறவருக்கு வேண்டிய முகத்தோடு அவர் ஜெஸ்டினின் குண்டுக்குச் சரியாக இரண்டடி வலப்பக்கம் குறி வைத்துப் போட்டார். குண்டு காற்றில் தன் வழக்கப்படி இடப்பக்கம் ஒதுங்கியது. இரும்பு இரும்பில் மோதுகிற சத்தம் சிறப்பு விருந்தினர் போனிலிருந்து தலை நிமிர்கிற அளவுக்குக் கேட்டது. ஜெஸ்டினின் குண்டு உருண்டு போய் வேப்பமரத்தடியில் நின்றது.

முதலில் கைதட்டியது ஜோவிதா.

"கை பழகிடுச்சி மேரி. விட்டுக்குடுக்கலாம்னு பாத்தாலும் அது கேக்கல" என்றார் கிறிஸ்துதாஸ்.

பரிசு கொடுக்கும்போது ஞானமேரி விதிமுறைப் புத்தகத்தைத் தலைவரிடம் நீட்டி, பதினாலாவது ஷரத்தைப் படிக்கச் சொன்னாள். சொல்தா எழுந்து விறைப்பாக நின்று படித்தார்.

"தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கோப்பையை வெல்லும் தம்பதியர், கழகத்தின் மாண்புறு தம்பதியர் என்று அறிவிக்கப்படுவர்."

கிறிஸ்துதாஸ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அவர்களுக்கு விழாக்களில் முதல் வரிசையில் இரண்டு நாற்காலிகள் ஒதுக்கப்படும்."

கிறிஸ்துதாஸ் முதல் வரிசையைப் பார்த்தார்.

"மேலும் அவர்கள் கழகத்தின் மைதானத்தில் இறங்கி ஆடுவதிலிருந்து ஆயுட்காலம் முழுவதும் விடுவிக்கப்படுவர். ஒப்பம், கிறிஸ்துதாஸ், செயலாளர்."

"யாரு எழுதுனது இது?" என்று கேட்டார் கிறிஸ்துதாஸ்.

"உங்க கையெழுத்துதானே முசியே" என்றார் தலைவர். "சீல் இருக்குது பாருங்க."

சீல் இருந்தது. தன் சீலை எதிர்த்துப் பேச அவரால் முடியாது.

மறுநாள் மத்தியானம் ஞானமேரி சாப்பிட்டுப் படுத்தாள். நாலரை மணி வந்தது. கூடத்தில் கிறிஸ்துதாஸ் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலரை மணி அவரையும் கடந்து போய்விட்டது. இருட்டும் வரை அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அதற்கு மூன்று இறக்கை. ஒன்றில் ஒட்டடை. எட்டு வருடமாக அதைக் கவனிக்க முடியவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே போனது. கூடத்தில் ஏதோ காகிதம் புரளுகிற சத்தம் மட்டும் கேட்டது. பென்ஷன் காகிதமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் நாலரைக்குத் தடதடவென்று ஒரு சத்தம். எழுந்து வந்து பார்த்தாள். வாசலில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. பின்பக்கத் தோட்டத்துக்குப் போகிற சந்தில் சரளை மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். துணி காயப்போடுகிற கொடி கழற்றப்பட்டுச் சுவரில் தொங்கியது. கறிவேப்பிலைச் செடி வேரோடு ஒரு பக்கெட்டில் இருந்தது.

கிறிஸ்துதாஸ் பனியனோடு நின்றிருந்தார். கையில் விதிமுறைப் புத்தகம். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் ஒரு ஷரத்தை முழுதாகப் படித்திருந்தார்.

"கழகத்தின் மைதானத்துலன்னுதான் போட்டிருக்கு மேரி. வீட்டப் பத்தி ஒண்ணும் சொல்லல. இனிமே அலைச்சல் கெடையாது. காலையில ஒரு வேள, சாயங்காலம் ஒரு வேள ஆடலாம். மழைக்கு மேல தகரம் போட்டுடலாம்."

ஞானமேரி பக்கெட்டில் இருந்த செடியைப் பார்த்தாள். சரளையைப் பார்த்தாள். சுவர் மூன்று பக்கமும் உயரமாக இருந்தது. கழகத்திலாவது ஒரு பக்கம் வேலிதான்.

"இன்னும் எத்தன லோடு?"

"ரெண்டு."

அவள் பக்கெட்டை நிழலுக்கு நகர்த்தி வைத்தாள். பிறகு, "மைதானம்னு ஒண்ணு இருந்தா அதுக்கு ரெக்ளெமான் வேணாமா?" என்றாள்.

கிறிஸ்துதாஸின் முகம் மலர்ந்தது. இப்படியொரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்பதுபோல வண்டிக்காரரைப் பார்த்தார்.

"கட்டாயம் வேணும். நீ அடிச்சிடு மேரி. நான் கையெழுத்துப் போட்டுடறேன். சீல் இருக்குது."

"படிச்சிப் பாத்துட்டுப் போடுங்க."

"நீ அடிச்சா சரியாத்தான் இருக்கும்."

இரண்டாவது லோடு வந்து கொட்டுகிற சத்தம் கேட்டது. ஞானமேரி உள்ளே போய், டைப்ரைட்டர் மேல் போட்டிருந்த துணியை எடுத்து உதறிவிட்டு, காகிதம் செருகினாள். இந்த முறை பதினாலு வரைக்கும் காத்திருக்கவில்லை. தன் விடுதலையை முதல் ஷரத்திலேயே வைத்தாள்.