மணித்திருடன் வகையறா

மூட்டைக்காரன் கிடங்குக்கு இன்னும் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. கடன் வாங்கியவன் அவனில்லை. அவன் அப்பாவும் இல்லை. சரியாகச் சொல்லப்போனால் யாரும் எதையும் வாங்கவில்லை. அவன் தாத்தா ஒரு மணியைக் கடலில் விட்டார். அந்த மணியின் விலைதான் வட்டியும் குட்டியுமாகப் பெருத்து, மூன்று தலைமுறையாக அந்த வீட்டுச் சோற்றில் கை வைத்துக்கொண்டிருந்தது.

ஊரில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். துறைமுகக் கோபுரத்துக்கென்று கிடங்கு முதலாளி காசு போட்டுத் தூர தேசத்தில் வார்த்த வெண்கல மணி கப்பலில் வந்ததாம். கரையோரம் ஆழம் போதாமல் கப்பல் வெளியே நின்றதாம். மணியை ஏற்றிவரப் போன படகுக்காரன், பொழுது சாயும் நேரத்தில் படகை வேறு பக்கம் திருப்பி, அடுத்த துறையில் மணியை விற்றுக் காசாக்கிவிட்டு, ஈரத் துணியோடு வந்து கடல் கொண்டுபோய்விட்டது என்று அழுதானாம். அன்றிலிருந்து காற்று திரும்பும்போதெல்லாம் கடலுக்கடியில் மணி அடிக்கிறதாம், திருடன் பெயரைச் சொல்லிச் சொல்லி. விற்றுப்போன மணி கடலுக்கடியில் எப்படி அடிக்கும் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

கேட்டால் பிழைப்புக் கெட்டுவிடும். மணி வராததால் அந்தக் கோபுரத்துக்கு ஊமைக் கோபுரம் என்று பெயர். அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். மணிச் சத்தம் கேட்க என்று படகில் கூட்டிப்போய்க் காசு வாங்கினார்கள். கோபுரத்துக்குக் கீழே ஓர் அறையில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக் கதை சொல்ல ஒரு வாத்தியார் இருந்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவர்தான், ஓய்வு பெற்றபின் கதைவாத்தியார் ஆகிவிட்டார்.

வீட்டுக்குள் சொன்ன கதை சின்னது. துறைமுக வாயில் பக்கவாட்டில் ஓர் அலை அடித்தது. படகுக்குள் தண்ணீர். கட்டிவைத்த மணி படகை ஒரு பக்கமாக இழுத்தது. துடுப்புப் போட நாலு பேர் இருந்தார்கள். தாத்தா கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்துவிட்டார். மணி போனது, நாலு பேரும் கரை சேர்ந்தார்கள். மறுநாள் காலையில் கிடங்கு வாசலில் நிறுத்திக் கேட்டபோது, அந்த நாலு பேரும் இருட்டிவிட்டது, பார்க்கவில்லை என்றார்கள். அவர்களுக்கும் அதே கிடங்கில்தான் கூலி.

தாத்தாவிடம் மிஞ்சியது ஒரு குறி. படகுக்காரர்கள் கடலில் இடத்தை ஞாபகம் வைப்பது அப்படித்தான். கரையில் இரண்டு பொருள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கிற கோடு, இன்னொரு பக்கம் அதே மாதிரி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடம் எத்தனை வருஷம் ஆனாலும் நகராது. தாத்தா அதைச் சொல்லிக்கொண்டே செத்தார். அப்பா அதைச் சொல்லிக்கொண்டே மூட்டை தூக்கினார்.

"கோபுரம் சூளைப் புகைபோக்கிய முழுசா மறைக்கணும். இந்தப் பக்கம் கலங்கரை விளக்கு கோட்டை மூலையத் தொடணும். அங்கதான் கெடக்கு."

ஒரு படகும் போய்ப் பார்க்கவில்லை. அப்பா செத்தபோது அவர் முதுகில் மூட்டை இருந்தது. இறக்கிவிட்டுத்தான் அவரை இறக்கினார்கள்.

மூட்டைக்காரனும் அவன் அக்காவும் கிடங்குக்குப் பின்னால் பாக்கிக்காரர் வரிசையில் ஓர் அறையில் இருந்தார்கள். கடன்பட்டவன் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று அந்தக் காலத்து முதலாளி கட்டிவிட்ட அறைகள். அக்காவுக்கு ஒருமுறை கல்யாணம் ஆனது. மாமியாரின் மோதிரம் காணாமல்போன அன்று, வீடு நிறைய ஆட்கள் இருந்தும் அவள் பெட்டியைத்தான் முதலில் கவிழ்த்தார்கள். பெட்டியில் மோதிரம் இல்லை. இல்லாததே சாட்சியாகிவிட்டது. எங்கே விற்றாய் என்று கேட்டார்கள். அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன பிறகு மோதிரம் மாவு டப்பாவில் கிடைத்தது. அந்தச் செய்தி வந்தது, கூப்பிட ஆள் வரவில்லை. இவனுக்குப் பெண் கேட்டுப் போன வீடுகளிலோ, தண்ணீர் கொடுத்த டம்ளரை எண்ணி உள்ளே எடுத்துவைத்தார்கள்.

அக்கா படகுத்துறையில் தட்டு வைத்துக் கட்டைவிரல் அளவு பித்தளை மணிகள் விற்றாள்.

"திருடன் மணி, திருடன் மணி! ஆட்டிப் பாருங்க சார், உங்க வீட்டுத் திருடனும் ஓடிருவான்!"

"உனக்கு வெக்கமா இல்லையாக்கா?" என்று அவன் ஒருநாள் கேட்டான்.

"வெக்கத்த வித்தா எவன்டா வாங்குவான்? மணிய வித்தா வாங்குறான். தாத்தா பேரச் சொல்லி இந்த ஊரே திங்குது. பேத்தி நான் மட்டும் பட்டினி கெடக்கணுமா?"

அன்றைக்குச் சோறு அவள் காசில்தான்.

பெரிய கப்பல்கள் உள்ளே வரவேண்டும் என்று துறைமுக வாயைத் தூர்வார ஆரம்பித்தார்கள். கிடங்கின் சின்ன முதலாளி தன் ஆட்களில் சிலரைத் தூர்வாரும் கப்பலுக்குக் கூலிக்கு அனுப்பினார். கூலியை அவரே வாங்கிப் பாக்கியில் கழித்துக்கொள்வார். மூட்டைக்காரனுக்குச் சங்கிலி இழுக்கிற வேலை. இரும்பு வாளி அடிமண்ணை அள்ளிவந்து கொட்டும்போது, சேற்றில் கல்லோ நங்கூரத் துண்டோ கிடந்தால் பொறுக்கி ஓரமாகப் போடவேண்டும்.

ஒரு மத்தியானம் வாளி ஒரு பக்கம் சரிந்தபடி மேலே வந்தது. வாளி இயக்குகிறவன் கத்தினான். சேற்றுக்குள்ளிருந்து வளைந்த விளிம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. குழாயால் தண்ணீர் அடிக்க அடிக்க, பாசிப் பச்சையாக ஓர் ஆள் உயரத்துக்கு மணி வெளிப்பட்டது. வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள்.

மூட்டைக்காரன் மணியைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்தான். ஊமைக் கோபுரம் நின்றது. அதற்குப் பின்னால் இருக்கவேண்டிய புகைபோக்கியைக் காணோம், கோபுரம் அதை முழுதாக விழுங்கியிருந்தது. இந்தப் பக்கம் திரும்பினான். கலங்கரை விளக்கு கோட்டை மூலையில் ஒரு முடி நுழைய இடமில்லாமல் ஒட்டிக்கொண்டு நின்றது.

"டேய் மூட்டை! எங்கடா பாக்கற? மணி இங்க இருக்கு!"

அவன் சேற்றிலேயே உட்கார்ந்தான். "அப்பா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டான். கால் வழுக்கிவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் தூக்கிவிட வந்தார்கள்.

சாயங்காலம் அக்காவிடம் சொன்னபோது அவள் சின்ன மணிகளுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு மறுபடி கோத்தாள்.

"இப்ப என்ன செய்யணுங்கற?"

"ஒரு வார்த்தைக்கா. அவர் திருடலைன்னு ஒரே வார்த்தை. நாலு பேர் முன்னாடி சொல்லிட்டாப் போதும்."

"மோதிரம் கெடச்சப்ப யாராவது வந்து சொன்னாங்களாடா?"

மறுநாள் அவன் கோபுரத்தடிக்குப் போனான். கதைவாத்தியார் நல்லவர், நாற்காலி போட்டார், குறியை வரைந்து காட்டச் சொல்லிப் பார்த்தார், தலையையும் ஆட்டினார்.

"நீ சொல்றது சரிதான் தம்பி. சொன்ன எடத்துலயே கெடச்சிருக்கு. விக்கலை. நான் மறுக்கவே இல்லையே."

"அப்ப கதைய மாத்திச் சொல்லுங்க சார்."

"மாத்தறேன். ஒரு நல்ல மனுஷன் நாலு பேர் உயிருக்காக மணிய விட்டார். அப்புறம்?"

"அப்புறம் என்ன சார்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. டிக்கெட் வாங்கினவன் மீதி நேரம் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டிருப்பானா? திருடன் இல்லாட்டிக் கதையே இல்லை தம்பி." வாத்தியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆனா உனக்காக ஒண்ணு பண்ணியிருக்கேன். திருடிக்கிட்டுப் போறான், பாதி வழியில மனசாட்சி உறுத்துது, மணியக் கடல்ல தள்ளிடறான். எப்படி இருக்கு? உங்க தாத்தாவுக்கு மனசாட்சி குடுத்திருக்கேன்."

மூட்டைக்காரன் எழுந்து வந்துவிட்டான். கதவைச் சாத்தும்போது, "காசு வேணாம், ஒருநாள் வந்து கேளு, அழுதுருவே" என்று வாத்தியார் உள்ளிருந்து சொன்னார்.

அந்த வாரமே சின்ன முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். மணியைக் கோபுரத்தில் ஏற்றப்போகிறார்கள், விழா, மேடை, பெரிய மனிதர்கள் வருகிறார்கள். அந்த மேடையில் பாக்கியைத் தள்ளுபடி செய்யப்போவதாகச் சொன்னார். மைக்கைக் கொடுத்தால் 'நன்றி ஐயா' என்று சொன்னால் போதும்.

"முதலாளி, தள்ளுபடின்னா தப்பு எங்களுதுன்னு ஆயிடும். அவர் திருடலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கழிங்க."

சின்ன முதலாளிக்குக் கோபமே வரவில்லை. "யோசிச்சுப் பேசுய்யா. திருடலைன்னு நான் சொல்லிட்டா அது தள்ளுபடியா? இத்தனை வருஷம் கட்டினத நான் உனக்குத் தரணும்னு ஆகும். புரியுதா?"

"புரியுது முதலாளி."

"புரிஞ்சாச் சரி. சட்டை நல்லதாப் போட்டுக்கிட்டு வா."

விழா அன்று கோபுரத்தடியில் கால் வைக்க இடமில்லை. அக்கா தட்டோடு கூட்டத்துக்குள் நின்றாள், வியாபாரம் சூடாக நடந்தது. கதைவாத்தியார் புதுக் கதையைச் சொன்னார். மனசாட்சி வந்த இடத்தில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு சின்ன முதலாளி எழுந்தார்.

"எங்க தாத்தா நஷ்டப்பட்டார். எங்க அப்பா பொறுத்துக்கிட்டார். நான் மன்னிக்கிறேன். நாலாயிரத்து முந்நூத்துப் பன்னெண்டு, இந்த நிமிஷத்தோட தள்ளுபடி!"

கைத்தட்டல் அடங்க நேரமானது. மைக் மூட்டைக்காரன் வாய்க்கு வந்தது. நன்றி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"முதலாளி, மணி உங்ககிட்ட வந்துடுச்சு. மணிக்குன்னு நாங்க மூணு தலைமுறையாக் கட்டின பணமும் உங்ககிட்டதான் இருக்கு. ரெண்டுல ஒண்ணு எங்களுது இல்லையா? எங்க தாத்தா சொன்ன எடத்துலதான் மணி கெடச்சுது. அவர் திருடலை."

கூட்டம் ஒரு மூச்சு அமைதியாக இருந்தது. அந்த ஒரு மூச்சுக்குள் அவன் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினான். அப்புறம் சின்ன முதலாளி சிரித்தார், மைக்குக்குக் கேட்கும்படி சிரித்தார்.

"பாத்தீங்களா? மேடையில வெச்சே என் பையில கை விடறான். ரத்தம் எங்கய்யா போகும்!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துப் பலர் கைதட்டினார்கள். கதைவாத்தியார் சிரிக்கவில்லை. முதலாளி சொன்ன அந்த வாக்கியத்தை மறக்காமலிருக்க உதட்டுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்காத இன்னொருத்தி அக்கா. தட்டைத் தலையிலிருந்து இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தம்பியையே பார்த்தாள்.

பிறகு மணியை அடித்தார்கள். கரண்டியால் அடுப்பில் இருக்கும் பானையைத் தட்டியது போல ஒரு சத்தம் வந்தது. உள்ளே எங்கேயோ விரிசல். அடுத்த அடிக்கு முன்னால் யாரோ ஓடிப்போய் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார்கள். வேறெந்த ஊர் மணியோ கணீரென்று அடித்தது, ஜனம் மெய்சிலிர்த்து நின்றது.

மறுநாள் கிடங்கில் கணக்கப்பிள்ளை, பாக்கி இல்லை என்று முத்திரை குத்திய சீட்டைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தப்பா எடுத்துக்காதே. அந்த ரூம் பாக்கிக்காரங்களுக்குத்தான். உனக்கு இப்ப பாக்கி இல்லையே. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிரு."

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் படகுத்துறைக்கு வந்தான். அக்கா வழக்கமான இடத்தில் இருந்தாள், ஆனால் கூவவில்லை. நன்றாக உடுத்திய ஒரு வெளியூர்க்காரர் தட்டிலிருந்து ஒரு மணியை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"இது அந்தத் திருடன் மணிதானேம்மா? அவன் கதை என்னவோ சொல்றாங்களே, சொல்லு கேப்போம்."

"அவர் எங்க தாத்தாங்க," என்றாள் அக்கா. "படகு கவுந்துடும்னு மணிய அறுத்து விட்டுட்டார். நாலு பேர் பொழச்சாங்க. அவர் திருடலை."

வெளியூர்க்காரர் இன்னும் ஏதோ வரும் என்று கொஞ்சநேரம் நின்றார். வரவில்லை. மணியைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்துவிட்டுப் படகைப் பார்த்து நடந்தார்.

மூட்டைக்காரன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சீட்டைக் காட்டினான், அறை விஷயத்தையும் சொன்னான். அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வெற்றாக இருந்தது.

"காலைலேர்ந்து எத்தனை பேர்கிட்ட இப்படிச் சொன்னே?"

"வந்தவன்கிட்டயெல்லாம்."

"எத்தனை வித்துது?"

"ஒண்ணுகூட இல்லை."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

அக்கா சீட்டை அவன் பையிலேயே திரும்பச் செருகிவிட்டாள். "நீதான் இப்ப யாருக்கும் கடங்காரன் இல்லையே. நாளையிலேர்ந்து உன் கூலி உன் கைக்கு வரும். கூடப் பொறந்தவளுக்கு ஒருவேளை சோறு போடமாட்டியாடா?"