இத்தாலிக்காரனின் அம்பு

யூசுப் பாய் ஒரு புதன்கிழமை காலையில் போன் செய்தார். என் கணவர் ஜகதீசன் போய் அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. பாய் என்னை பாபி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்.

"பாபி, கடையைக் குடுத்துட்டேன். மாசக் கடைசியில நானும் சபீனாவும் வாணியம்பாடிக்கே போறோம், பையன் வீட்டுக்கு. போறதுக்கு முன்னாடி ஒரு கேஸ் பாக்கி இருக்கே. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றேன். இத்தாலிக்காரனை எடுத்து வைங்க."

"வாங்க பாய்" என்றேன். போனை வைத்த பிறகுதான் குரல் உரக்க வந்துவிட்டதை உணர்ந்தேன். கீழ்வீட்டுக்குக் கூடக் கேட்டிருக்கும்.

இத்தாலிக்காரன் என்பது ஒரு கூலிங் கிளாஸ். ஆமை ஓட்டு நிறம், இரண்டு ஓரத்திலும் வெள்ளி நிறத்தில் சிறிய அம்பு. ஜகதீசன் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்து எஞ்சினியராக ஓய்வு பெற்றவர். இருபத்தாறு வருடம் பழைய வெளிநாட்டுக் கூலிங் கிளாஸ்களாகச் சேர்த்தார். ஷோரூம் பக்கமே போனதில்லை. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கழித்துக்கட்டியது, பழைய பங்களாக்களைக் காலி செய்கிறபோது மூட்டையோடு வருவது என்று எல்லாம் வியாழக்கிழமைச் சந்தையான ஜும்மேராத் பஜாரில் தரையில் விரித்த துணிகளிலிருந்து பொறுக்கியவைதான். முப்பத்தேழு சேர்ந்தன. ஒன்றையும் போட்டுக்கொண்டு அவர் வெளியே போய் நான் பார்த்ததில்லை. மே மாத வெயிலிலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் சைக்கிள் மிதிப்பார்.

சிகந்திராபாத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த யூசுப் பாய்க்கும் இதே பைத்தியம். ஞாயிறு நான்கு மணிக்கு வருவார். மேஜையில் வெள்ளைத் துண்டு விரிப்பார்கள். யார் புதிதாகக் கொண்டு வந்திருக்கிறாரோ அவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணாடியின் ஓரத்தைச் சாய்த்துப் பிடித்தால் பொடி எழுத்தில் பி, எல் என்ற கம்பெனி முத்திரை தெரிகிறதா, காதுப்பக்கக் கம்பிக்கு உள்ளே எந்த ஊர் பெயர் குத்தியிருக்கிறது, கீலில் எத்தனை பல் என்று மணிக்கணக்கில் போகும். நான் உள்ளறையில் லைப்ரரிப் புத்தகத்தோடு படுத்திருப்பேன். பாதிப் பக்கம் புத்தகம், பாதி அவர்கள் பேச்சு.

இத்தாலிக்காரன் இரண்டு பேரிடமும் இருந்தான். பாயுடையது குவைத்தில் இருந்த மாமா கொடுத்தது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றேதான். அசலில் அம்புக்கு ஒரு வேர் உண்டாம். ஃபிரேமைத் துளைத்து உள்ளே போய்க் கீலைப் பிடித்திருக்குமாம். நகலில் வெறுமனே மேலே ஒட்டியிருக்கும். அம்பைப் பிடுங்கினால்தான் தெரியும். பிடுங்கினால் ஃபிரேம் போய்விடும்.

"பாய், உங்களுது டூப்ளிகேட். மாமா உங்களை நல்லா ஏமாத்திட்டாரு."

"ஜகதீசன் சாப், மொதல்ல உங்க கண்ணுக்கு நம்பர் பாக்கணும். கடைக்கு வாங்க, ஃப்ரீ."

"அப்ப உங்க அம்பைப் பிடுங்குங்க, பாப்போம்."

"நக்கோ, மாட்டேன். நீங்க பிடுங்குங்க."

பதினெட்டு வருடம் இதே பேச்சு. எனக்கு அலுத்ததில்லை என்று இப்போது தெரிகிறது.

அவர் போன மூன்றாம் நாளும் பதின்மூன்றாம் நாளும் பாய் வந்தார். அப்புறம் வரவில்லை. ஒரு பெண் தனியாக இருக்கிற வீட்டுக்கு எதைச் சொல்லிக்கொண்டு வருவார்? ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு மணிக்கு நான் டிவியை வைத்துவிடுவேன், எதையும் பார்க்காமல். அதனால்தான் புதன்கிழமை என் குரல் அப்படி ஏறியது. இன்னும் ஒரே ஒரு ஞாயிறு கிடைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை பீரோவைத் திறந்தேன்.

ஜகதீசன் அவற்றை ஹாலில் ஒரு திறந்த பலகையில், ஒன்றையொன்று தொடாமல் வைத்திருந்தார். தூசி படிகிறதே, கதவு போடுங்கள் என்று நான் சொன்னபோது, "மூச்சு முட்டும்டீ" என்றார். கேலி என்று நினைத்தேன். காரியத்துக்கு வீடு நிறைய ஜனம் வந்தபோது, குழந்தைகள் கை படுமே என்று ஒவ்வொன்றையும் மெல்லிய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுகக் கட்டி, பட்டுப்புடவைகளுக்கு நடுவே அடுக்கினேன். ஒவ்வொரு உறைக்குள்ளும் இரண்டு அந்துருண்டை. புடவைக்குச் செய்வதைத்தான் செய்தேன். எனக்குத் தெரிந்த பத்திரம் அதுதான்.

கதவைத் திறந்ததும் அந்துருண்டையோடு சேர்ந்து காடி வாடை வந்தது, ஊறுகாய் கெட்டுப்போனது போல. முதல் உறையைப் பிரித்தேன். ஃபிரேம் வியர்த்திருந்தது. விரலில் பிசுபிசுவென ஒட்டியது. மேலே வெள்ளையாகப் பொரிந்திருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. உலோக ஃபிரேமும் கண்ணாடி லென்ஸும் உள்ள ஒன்பது மட்டும் பிழைத்திருந்தன. இத்தாலிக்காரன் ஒரு பக்கம் வளைந்துபோய், வலது ஓரம் வெடித்திருந்தான். அம்பில் பச்சை பூத்திருந்தது.

புனேவில் இருக்கும் என் மகள் ரஷ்மியைக் கூப்பிட்டேன்.

"வித்துட்டேன்னு சொல்லிடும்மா. சிம்பிள்."

"பாய்கிட்டயா?"

"ஏன், அங்கிள் என்ன போலீஸா?"

உடம்பு சரியில்லை என்று சொல்லி வர வேண்டாம் என்று சொல்லலாம். சனிக்கிழமை இரண்டு தடவை அவர் நம்பரை எடுத்தேன். வர வேண்டாம் என்றால் வாணியம்பாடிக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். வரட்டும் என்று போனை வைத்துவிட்டேன்.

ஞாயிறு நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இருவரும் வந்தார்கள். சபீனா என் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"அக்கா, என்னா இப்படி எளைச்சிட்டீங்க? இவரு ரெண்டு நாளா தூங்கலை. என் மூக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு இவருக்குத் தெரியாது. அந்த இத்தாலிக்காரன் மூக்கைப் பத்திக் கேளுங்க, அளவோட சொல்வாரு."

"ஏண்டீ இவ்ளோ பேசறே?" என்றார் பாய். துண்டை அவரே கொண்டு வந்திருந்தார். விரித்து, தன்னுடையதை ஒரு பக்கம் வைத்தார். அது பளபளவென்று இருந்தது.

நான் எங்களுடையதைக் கிண்ணத்தில் வைத்து எடுத்து வந்தேன். கையில் எடுத்தால் ஒட்டுகிறதே. அவர் முன்னால் வைத்துவிட்டு நின்றேன். கொண்டு வந்தவர் பேசக் கூடாது என்பது எனக்கும் வசதியாக இருந்தது.

வெகுநேரம் பார்த்தார். குனிந்து முகர்ந்தார்.

"அந்துருண்டையா, பாபி?"

"ஆமாம்."

"மூடியா வெச்சீங்க?"

"கட்டி வெச்சேன்."

"நானும் அப்படித்தான் வெச்சிருப்பேன்" என்றாள் சபீனா உடனே. "யாராயிருந்தாலும் அப்படித்தான் வெப்பாங்க."

"இந்தப் பழைய பிளாஸ்டிக்குக் காத்து வேணும்" என்றார் பாய். குரலில் கோபம் இல்லை. கடையில் வாடிக்கையாளருக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "இல்லைன்னா அதோட புளிப்பு அதையே தின்னுடும். அந்துருண்டை வேற சேர்ந்தா..." முடிக்கவில்லை.

சட்டைப்பையிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்தார். வெடித்திருந்த ஓரத்தில் அம்பைத் தொட்டார். இழுக்கவே இல்லை. தானாகக் கையோடு வந்தது. பதினெட்டு வருடம் இரண்டு ஆண்கள் துணியாத காரியம்.

அம்பின் அடியில் அரை அங்குலத்துக்குக் கறுத்த ஆணி ஒன்று நீண்டிருந்தது. நுனியில் கீலைப் பிடித்திருந்த கொக்கி.

பாய் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு துண்டில் வைத்தார்.

"அசல்" என்றார்.

நகல் என்று சொல்ல வேண்டுமே என்று வெள்ளிக்கிழமையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன். நகலாக இருந்தால் நான் கெடுத்தது அவ்வளவு பெரிதில்லை.

"எனக்காகச் சொல்றீங்களா, பாய்?"

"பாபி, அவர் உயிரோட இருக்கும்போதே மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னதில்ல. இப்ப யாருக்காகச் சொல்லணும்?" தன்னுடையதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். "என்னுது என்னான்னு எனக்கு இன்னும் தெரியாது. ஜகதீசன் சாப்புக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

"பிடுங்கிப் பாருங்களேன்" என்றாள் சபீனா.

"யார்கிட்டடீ போய்ச் சொல்றது?" என்றார்.

டீ குடித்தார்கள். பிழைத்த ஒன்பதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம், பலகையில் திறந்தபடி வையுங்கள், வாரம் ஒரு தடவை துடைத்தால் போதும், ஈரத்துணி கூடாது என்றார். சபீனா வாணியம்பாடிக்கு வரச் சொன்னாள். வருகிறேன் என்றேன். ஆட்டோ ஏறும்போது பாய் கதவைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தவர், "மழை வரும்போல, துணி எடுங்க பாபி" என்று மட்டும் சொன்னார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

மேலே வந்து ஜன்னல்களைத் திறந்தேன். ரஷ்மிக்குப் போன் போட்டேன்.

"அப்பாவோடதுதான் அசல்" என்றேன்.

"எது அசல்?"

"இத்தாலிக்காரன். அம்புக்கு வேர் இருந்தது. பாயே ஒத்துக்கிட்டார்."

"ஓ. சூப்பர்மா." பின்னால் யாரோ அவளை இந்தியில் கூப்பிட்டார்கள். அவள் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினாள். "சொல்லும்மா. என்ன வேர்?"

ஜும்மேராத் பஜாரில் அவர் அதைப் பொறுக்கிய நாளிலிருந்து தொடங்க வேண்டும். மழை பெய்து எல்லோரும் கடையைக் கட்டிய பிறகு, ஒரு கிழவர் மட்டும் துணியை மடிக்காமல் உட்கார்ந்திருந்தாராம். அங்கிருந்து தொடங்கி, மாமா, குவைத், நம்பர் பார்க்கக் கூப்பிட்டது, இரண்டு பேரும் பிடுங்காமல் விட்டது வரை வந்தால்தான் அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் வரும்.

"நீ வேலையைப் பாரு, அப்புறம் சொல்றேன்" என்றேன்.

"சரிம்மா. சாப்பிட்டியா?"

மணி ஆறு கூட ஆகவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.