மார்சலியின் முறை

டார்கில் மெக்வே எறிந்த கல் நாற்பத்து மூன்று ஆண்டுகள் மூழ்கவில்லை. 1981 ஜூலை மாதம் இரண்டாம் சனிக்கிழமை, இன்வர்கெல்லன் ஊரின் கோடைத் திருவிழாவில், படகுத்துறைக்குப் பக்கத்துக் கரையில் நின்று அவன் அதை ஏரியின் மேல் எறிந்தான். அது தத்தித் தத்தி ஏரி நடுவிலிருக்கும் தீவைத் தாண்டி, கண்ணுக்கு மறைந்து, பதினோரு நிமிடம் கழித்து மறுபக்கமாகத் திரும்பி வந்தது. மறுபடியும் போனது. திருவிழாக் கமிட்டியார் மாலைவரை காத்திருந்து பார்த்துவிட்டு, தேநீர்க் குடுவைகளைக் கழுவி வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை வந்தபோதும் கல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த வாரம் உருளைக்கிழங்கு நல்ல விளைச்சல், ஹெர்ரிங் மீன் சுமார்.

அந்த ஊரின் கோடையில் யாரும் எதற்கும் காசு கொடுப்பதில்லை. நீந்துவது, கரையோரமாக நடப்பது, புதரில் பெர்ரி பறிப்பது, மீன்கொத்திப் பருந்தைப் பார்த்தபடி முட்டை ரொட்டி தின்பது, பொடிக்கொசுவிடம் கடி வாங்குவது எல்லாமே இலவசம். கல்லெறியும் அப்படித்தான், ஆனால் அதற்கு மட்டும் பலகையில் எழுதிய விதிகள் உண்டு. கல், அளவு பார்க்கக் கமிட்டி வைத்திருக்கும் இரும்பு வளையத்துக்குள் நுழைய வேண்டும். திருவிழா நாளன்றி யாரும் ஏரியில் கல் எறியக் கூடாது. முன்னவர் கல் மூழ்கிய பிறகுதான் அடுத்தவர் எறியலாம். வரிசையில் நிற்பவர் கல்லைக் கையை விட்டுக் கீழே வைத்தால் முறை போயிற்று. கடைசிக் கல் மூழ்கும்போது திருவிழா முடிகிறது. வேறு ஊராக இருந்தால் டார்கிலின் கல்லை விலக்கிவைத்து விட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். இன்வர்கெல்லன்காரர்களுக்கு அது தோன்றவே இல்லை. விதி விதிதான்.

அடுத்த ஆள் மார்சலி ரான்கின். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, அஞ்சலகத்தில் வேலை. அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள். ஒருவன் மூன்றாம் வாரம் தூண்டிலில் மீன் சிக்கியதும் தன்னை மறந்து கல்லைக் கீழே வைத்தான். ஒருத்தி தன் இரட்டைக் குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதபோது வைத்தாள். கனடாவுக்குக் குடிபோன ஒருவனின் கல்லை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். மற்ற இருவர் அலுத்துப்போய் விட்டார்கள். மார்சலி மட்டும் விடவில்லை. கல்லை வலக்கையில் வைத்துக்கொண்டு இடக்கையால் தபால் முத்திரை குத்தினாள், ரொட்டி மாவு பிசைந்தாள், காரோட்டும் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினாள். தூங்கும்போது கையைத் துணியால் கட்டிக்கொண்டாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுக்குப் பூமி வேண்டாம், ஒரே ஓர் எறிதான் வேண்டும்.

டார்கில் படகுத்துறையில் எஞ்சின் பழுது பார்ப்பவன். தன் கல் மூழ்காததற்குத் தான் என்ன செய்ய முடியும் என்று அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனான். போனவன் போனவன்தான், அது 1986இல் கல்யாணத்தில் கொண்டுபோய் விட்டது. கோயிலில் பாதிரியார் மோதிரம் மாற்றச் சொன்னபோது டார்கில் அவள் காதோரம் குனிந்து, "இப்பவாவது அந்தக் கல்லை வையேன்டி, ஊரே பாக்குது," என்றான். "மோதிரம் இடது கைக்குத்தானே? போடு. பேசாத," என்றாள் அவள். தன் முறையை அவளுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று அவன் ஒருமுறை சொன்னதற்கு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. விட்டுக்கொடுத்த வெற்றியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? செவ்வாய்க்கிழமைகளில் சரியாக நாலு பத்துக்குக் கல் படகுத்துறையை உரசிக்கொண்டு கடக்கும். அப்போதெல்லாம் டார்கில், "துரை வர்றாரு பாரு, எந்திரிச்சு நின்னு மரியாதை குடு," என்பான். "வரட்டும் வரட்டும். என்னைக்காவது ஒரு நாள் முங்கித்தானே ஆகணும், அப்ப இருக்குடா உனக்கு," என்பாள் அவள். இந்தச் சண்டை முப்பத்தெட்டு ஆண்டு நடந்தது. அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்.

கல்லுக்கு ஊர் பழகிக்கொண்டது. பயணிகள் படகு அதற்கு வழிவிட்டு ஒரு முறை ஊதும். குளிர்காலத்தில் ஏரி உறைந்தால் பனிக்கட்டி மேல் கிண்கிணியென்று ஓடும். ஓய்வுநாளில் அது துள்ளுவது பாவம் என்று பழைய பாதிரியார் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கல் சத்தமில்லாமல் ஓடியது; அவரும் அதோடு விட்டுவிட்டார். கமிட்டிச் செயலாளர் யூனா மெக்விக்கர், பள்ளி ஆசிரியை, தத்தல்களை எண்ணும் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். நொடிக்கு ஒன்று என்று கணக்கு வைத்து, மற்ற நாளில் சத்தத்தைக் கேட்டும் ஞாயிறன்று கண்ணால் பார்த்தும் எண்ணினாள்.

இதில் எஸ்டேட்டின் பெரிய துரைக்கும் பங்குண்டு. ஏரிக்கரை முழுதும் அவருடைய நிலம். 1981 திருவிழாவில் மூன்றாவது கோப்பை விஸ்கி உள்ளே போனதும் மனம் குளிர்ந்து, பரிசுப் பட்டியலின் பின்பக்கத்தில், இந்தத் திருவிழா முடியும்வரை கரை எல்லோருக்கும் பொது, வேலியில்லை, கட்டடமில்லை, கட்டணமில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மாலை ஆறு மணிவரைக்கும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். திருவிழா முடியவில்லை. அவர்தான் முடிந்துபோனார். எடின்பரோவிலிருந்து வந்த அவருடைய மருமகனை ஊர் சின்ன துரை என்றது. அவர் கையில் கரை நெடுக இருபத்துநான்கு மர வீடுகளும் ஒரு வேலியும் போட்ட வரைபடம் இருந்தது. வழக்கறிஞர்கள் துரை எழுதிய காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் சின்ன துரை ஒவ்வொரு கோடையும் மடக்கு நாற்காலியோடு வந்து, கல் மூழ்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. காத்திருந்த நேரத்தில் அந்த ஏரியிலேயே நீந்தக் கற்றுக்கொண்டார்.

போன மார்ச் மாதம் டார்கில் ஓர் எஞ்சினைத் திறந்துபோட்டபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அறுபத்தாறு வயது. மார்சலி சவப்பெட்டியின் கயிற்றை இடக்கையால் பிடித்து இறக்கினாள். அந்தச் செவ்வாய்க்கிழமை கல் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. ஏப்ரலில் தீவைச் சுற்றுவதற்குள் களைத்தது, ஜூனில் நனைந்த கோழிபோலத் தாழத் தாழ ஓடியது. மார்சலி துறையின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அது முங்க வேண்டும் என்று நாற்பத்து மூன்று ஆண்டு வேண்டிக்கொண்டவள் இப்போது, "இன்னும் கொஞ்சம் ஓடேன், மனுசா," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தாள். யூனாவுக்குக் கேட்டது.

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை, பிற்பகல் மூன்றேகாலுக்கு, ஊரே பார்த்திருக்க, படகுத்துறைக்கு நேர் எதிரே கல் மூழ்கியது. யூனா நூற்று முப்பத்தைந்து கோடியே அறுபத்தொன்பது லட்சத்துச் சொச்சம் என்று வாசித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். சின்ன துரை நாற்காலியை மடக்கி வைத்து எழுந்தார், வரைபடம் கையில் இருந்தது. கல்லெறியும் கோட்டருகே மார்சலி வந்து நின்றாள். அவளுடைய கல் இத்தனை ஆண்டில் உள்ளங்கைக்கு ஏற்றாற்போலத் தேய்ந்து பிஸ்கட் கனத்துக்கு வந்திருந்தது. தோளில் மூட்டுவலி வேறு. விதியை மதித்து நாற்பத்து மூன்று ஆண்டில் அவள் ஒரு கல்கூட எறிந்து பழகியதில்லை. இது எல்லோருக்கும் தெரியும், அதுதான் ஊரின் பயம்.

யூனா ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். "அடியே, நான் பலகைய மூணு தடவ படிச்சிட்டேன். எப்ப எறியணும்னு எங்கயும் போடல. நீ பாட்டுக்குக் கையிலயே வெச்சிரு. நீ எறியாத வரைக்கும் திருவிழா முடியாது, கரை நம்மளோடது."

"ஆமாக்கா, நாப்பது வருசம் வெச்சிருந்தீங்க, இன்னும் கொஞ்ச நாள் வெச்சிருக்க மாட்டீங்களா?" என்றான் படகோட்டி. கூட்டத்திலிருந்து, எறியாதே எறியாதே என்று குரல்கள் வந்தன. எல்லோரும் சின்ன துரையைப் பார்த்தார்கள். அவர் பலகையைப் பார்த்துவிட்டு, "விதி அப்படித்தான் இருக்கு. நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல," என்றார்.

மார்சலி முழங்கையை விடுவித்துக்கொண்டாள். "வெச்சிருந்தா? நான் செத்த அன்னைக்குக் கை விரியும், கல்லு கீழ விழும், மறுநாள் வேலி. அதுக்கா இத்தனை வருசம் ஒத்தக் கையால சமைச்சேன்? அவன் முறை முடிஞ்சிருச்சு யூனா. நல்லா எறிஞ்சான், போயிட்டான். இப்ப என் முறை. தள்ளி நில்லு, தோள்ல இடிச்சிரப் போறேன்."

அவளுக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் கமிட்டியின் வளையத்தில் கல்லை நுழைத்துக் காட்டி, பக்கவாட்டில் சாய்ந்து, தோள் விண்ணென்று தெறிக்க எறிந்தாள். முதல் தத்தலிலேயே கல் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் போயிற்று. ஐயோ என்றது கூட்டம். யூனா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் ஒன்று என்று எழுதினாள், செயலாளராயிற்றே. கல் தலையைச் சிலுப்பிக்கொண்டு மேலே வந்து இரண்டாவதாகத் தத்தியது, மூன்றாவதாகத் தத்தியது, பிறகு தீவுக்குப் பின்னால் மறைந்தது. பதினோரு நிமிடம் ஒருவரும் பொடிக்கொசுவைக்கூட அடிக்கவில்லை. மறுபக்கத்திலிருந்து டக் டக் டக் என்று சத்தம் முதலில் வந்தது, கல் பின்னால் வந்தது. அதே தடம், டார்கிலுடைய தடம். படகு வழிவிட்டு ஒரு முறை ஊதியது.

சின்ன துரை வரைபடத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார், சட்டையைக் கழற்றினார், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று நீந்தப் போய்விட்டார். மார்சலிக்குத் தன் வலக்கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வெறுங்கையைத் திறந்து திறந்து பார்த்தாள். அழுகையும் வந்தது. யூனா அந்தக் கையில் ஒரு கோப்பைத் தேநீரைக் கொடுத்தாள், அவள் பிடித்துக்கொண்டாள்.

கல் இப்போதும் ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை நாலு பத்துக்குப் படகுத்துறையை உரசிக்கொண்டு கடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடுவதில்லை. திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. மார்சலி தினமும் காலையில் ஏரியில் நீந்துகிறாள், சர்க்கரையை விட்டுவிட்டாள், குன்றின் உச்சிவரை நடந்து திரும்புகிறாள். கல்லுக்கும் எறிந்தவருக்கும் உள்ள சம்பந்தம் ஊருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். டார்கிலின் எண்ணிக்கையைத் தாண்ட அவள் நூற்றைந்து வயதுவரை இருந்தாக வேண்டும். யூனா கணக்குப் போட்டு இதைக் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். மார்சலி செவ்வாய்க்கிழமை கல்லறைக்குப் போய், அவன் தலைமாட்டில் உட்கார்ந்து வலக்கையால் புல்லைப் பிடுங்கியபடி, "இருக்குடா உனக்கு," என்றாள்.