பதில் தட்டு

மெல்பர்னில் எங்கள் அரசுக் குடியிருப்பின் சுவர்கள் வெறும் அட்டைதான். பக்கத்து வீட்டு மெர்வ் தும்மினால் எனக்குக் கேட்கும். யாராவது தனியாகச் செத்துக் கிடப்பதும், நாற்றம் வந்த பிறகு கதவை உடைப்பதும் எங்கள் மாடியில் புதிதல்ல. அதனால் நாங்கள் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் கெட்டிலைப் போட்டதும் நான் சுவரில் தட்டுவேன். அவர் திரும்பத் தட்டுவார்.

"இன்னும் போய்ச் சேரலியா, வால்டா?" என்று கத்துவார்.

"உன்னை அனுப்பிட்டுத்தான்யா போவேன்!"

அப்படியேதான் ஆயிற்று. ஒரு நாள் பதில் தட்டு வரவில்லை. குடியிருப்பு அலுவலகத்துக்கு நான்தான் போன் செய்தேன்.

அந்த வீட்டுக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலை, பழக்கதோஷத்தில் என் கை சுவரைத் தட்டிவிட்டது. பதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. பலமாகத் தட்டினேன்.

"ஏய் கிழவி! மனுஷன் தூங்க வேணாமா?" சுவர் அதிரக் குத்தினார்.

"சரி, உசுரோடதான் இருக்கே" என்று முணுமுணுத்தபடி டீயை ஊற்றினேன்.

அப்போதுதான் உறைத்தது. நான் தட்டாத அன்றைக்கு அந்த ஆள் நிம்மதியாகத் தூங்குவார்.