லார்க்கம் வீட்டுத் தாங்க்ஃபுல்

எல்டன் ப்ரூயட் முதல் தடவை எங்கள் ஊருக்கு வந்தபோது மேப்பிள் இலைகள் பாதி உதிர்ந்திருந்தன. வெக்ஸ்பரி ஊர் அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். பிறப்பு, இறப்பு, நாய் உரிமம், நிலப்பத்திரம் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். ஓஹையோவிலிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டி வந்த மனிதர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றார். மின்கம்பம் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம்.

“லார்க்கம்னு ஒரு குடும்பம் இங்க இருந்துச்சாம். அவங்க நிலப்பத்திரம் பாக்கணும் மேடம்.”

“எவ்வளவு பழசு?”

“இங்கிலாந்து ராஜா காலத்துது. நாடு நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னால.”

இரும்புக் கதவு போட்ட அறைக்கு அழைத்துப் போய்ப் பழைய தொகுதிகளை எடுத்துக் கொடுத்தேன். அவருடைய அம்மா, அவர் சின்னப் பையனாக இருந்தபோதே போய்விட்டாள். முகம்கூட நினைவில்லை என்றார். “நம்ம ஆளுங்க எல்லாம் வெக்ஸ்பரிக்காரங்க” என்று ஒருநாள் அவள் சொன்ன குரல் மட்டும் காதில் நிற்கிறதாம். மனைவியும் இறந்த பிறகு அந்தக் குரலைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டில் டேல் என்று ஒரு மகன். வளர்ந்தவன்தான், ஆனால் வலிப்பு நோய் இருந்ததால் தனியே விட முடியாது. அக்டோபரில் ஒரு வாரம் மட்டும் மனைவியின் தங்கை வந்து பார்த்துக்கொள்வாள். அந்த ஒரு வாரம்தான் அவருக்குச் சொந்தம்.

லார்க்கம் என்ற பெயரைக் கேட்டதும் நான் ரொவீனாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ரொவீனா தேயர் என் பள்ளித் தோழி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கல்யாணத்துக்கு முன் அவள் பெயர் லார்க்கம். அண்ணன் தம்பி கிடையாது, பிள்ளை கிடையாது, கணவன் ஹெர்பர்ட்டும் போய்விட்டான். லார்க்கம் வம்சத்தில் ஊரில் மிஞ்சியது அவள் ஒருத்திதான். பிள்ளைகளை இறக்கிவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்தாள்.

“முந்நூறு வருஷமா எங்க வீட்டைத் தேடி ஒருத்தரும் வந்ததில்ல. வழி தப்பி வந்துட்டீங்களா?” என்று கேட்டாள்.

எல்டன் சிரித்தார். அன்று சாயங்காலம் அலுவலகம் பூட்டும்வரை இருவரும் ஒரே பக்கத்தின் மேல் குனிந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். எல்டனின் தாய்வழி வம்சம் தாங்க்ஃபுல் லார்க்கம் என்ற பெண்ணில் போய் முடிந்தது. நன்றியுள்ளவள் என்று அர்த்தம்; அந்தக் காலத்தில் பெண்களுக்கு அப்படித்தான் பெயர் வைப்பார்கள். ஊர்க்காரன் ஒருவனை அவள் மணந்தாள். அவள் பேரன்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மேற்கே போய்விட்டார்கள். ரொவீனாவின் வம்சமோ ஜோனாஸ் லார்க்கமின் மகன் சைலஸ் வழியாக வந்தது. தாங்க்ஃபுல் அந்த ஜோனாஸின் மகள் என்று காட்டிவிட்டால் இரண்டு பேரும் சொந்தம். ஆனால் எங்கள் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவு, பாதிரியார் வீடு எரிந்தபோது சேர்ந்து எரிந்துவிட்டது. மிச்சம் ஒரே ஒரு பத்திரம்: ஓடைக் கரையில் கொஞ்சம் நிலத்தை ஜோனாஸ், “என் வீட்டிலிருக்கும் தாங்க்ஃபுல் மீது நான் கொண்ட அன்பின் நிமித்தம்” எழுதிக் கொடுத்திருந்தார்.

“மகள்னு போடலையே,” என்றாள் ரொவீனா.

“அன்பின் நிமித்தம்னு போட்டிருக்கே. மகளுக்கு இல்லாம யாருக்கு நிலம் குடுப்பான்?”

“நிலம் விஷயத்துல எங்க ஆளுங்களை உங்களுக்குத் தெரியாது. மகளுக்கே குடுக்க மாட்டாங்க.”

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த அக்டோபரிலும் அவர் வந்தார். அதற்கடுத்த வருஷமும் வந்தார். கல்லறைத் தோட்டங்களில் தேய்ந்துபோன கற்களின் முன்னால் எல்டன் ஒரு கண்ணாடியைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் அடிக்க, ரொவீனா மண்டியிட்டு எழுத்துகளைப் படிப்பாள். சனிக்கிழமை என் வீட்டில் வேகவைத்த அவரைக்கொட்டையும் பழுப்பு ரொட்டியும். கடைசி நாள் ரொவீனா வீட்டில் மாட்டிறைச்சி வறுவல். மற்ற மாதங்களில் ஞாயிறுதோறும் தொலைபேசி. அவர் அவளை “கஸின்” என்று கூப்பிடுவார், அவளும் அப்படியே. நிரூபணம் வரட்டும் என்று இருவருமே காத்திருக்கவில்லை.

ஒரு அக்டோபரில் அவள் உதட்டைப் பார்த்துவிட்டு நான் கேட்டேன். “கஸினைப் பாக்கப் போறதுக்கு லிப்ஸ்டிக் எதுக்குடி?”

“காத்துல உதடு வெடிக்குது.”

“செவப்பாவா வெடிக்கும்?”

“நீ போய் நாய் உரிமம் எழுது லூசில், போ.”

ஐந்தாம் வருஷமோ ஆறாம் வருஷமோ, வடக்கு வெக்ஸ்பரி சர்ச்சில் கூரை மாற்றினார்கள். பரணைக் காலி செய்தபோது பழைய பாதிரியார் ஒருவரின் ஞானஸ்நானக் குறிப்புகள் கிடைத்தன. எங்கள் ஊருக்குப் பாதிரியார் இல்லாத காலத்தில் அந்தப் பக்கம் போய்ப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் செய்வித்திருக்கிறார்கள். அந்த வாரத்தின் கடைசி நாள் மூவருமாகக் காரில் போனோம். சர்ச்சின் பின்னறை ஐஸாகக் குளிர்ந்தது. “நான் சூடா காபி வாங்கிட்டு வர்றேன்,” என்று எல்டன் வெளியே போனார். நான் ஜன்னலோரம் என் குடும்பப் பெயர் ஏதாவது தென்படுகிறதா என்று வேறொரு கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தபோது ரொவீனா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விரல் ஒரு வரியின் மேல் நின்றது.

“என்னடி?”

 புத்தகத்தின் அட்டை மேல் அவள் இன்னொரு கை இருந்தது. மூடப் போகிறாள் என்றே நினைத்தேன். அதற்குள் கதவு திறந்தது. எல்டன் மூன்று காகிதக் கோப்பைகளோடு வந்தார்.

“எல்டன், இதைப் பாருங்க,” என்றாள்.

கஸின் என்று சொல்லாததை நான் அப்போதே கவனித்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நானும் தோளுக்கு மேலாகப் படித்தேன். கப்பலிலிருந்து இறக்கப்பட்ட பெண் குழந்தை, பெற்றோர் யாரென்று தெரியாது, ஜோனாஸ் லார்க்கம் தம் வீட்டில் வளர்த்து வருகிறார், அவர் முன்னிற்க தாங்க்ஃபுல் என்று பெயரிடப்பட்டாள். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

எல்டன் இன்னொரு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப நான் வெக்ஸ்பரிக்காரன் இல்ல.”

“வளர்ந்தது இங்கதானே. பேரு இங்க வெச்சதுதானே,” என்றாள் ரொவீனா.

“யாரு பெத்ததுன்னே தெரியாதுன்னு எழுதியிருக்கான். அம்மா பாவம். நம்ம ஆளுங்கன்னு சொன்னா.”

குரலில் கோபம் இல்லை. கோப்பைகளை மேசையில் வைத்தார், ஒன்றைக்கூட எடுக்கவில்லை.  அன்றிரவு ரொவீனா வீட்டுச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. வறுவல் அடுப்பிலேயே காய்ந்தது. மறுநாள் காலை விடுதியில் விசாரித்தால், விடிவதற்கு முன்பே அறையைக் காலி செய்துவிட்டாராம்.

அந்தக் குளிர்காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி மணி அடிக்கவில்லை. ரொவீனா சர்ச் விருந்துகளுக்கு வருவதை நிறுத்தினாள். கேட்டால், பனியில் வண்டி எடுக்கப் பயமாக இருக்கிறது என்றாள். தினமும் விடிகாலையில் அதே பனியில் ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலையேறுகிறவள் அவள். ஒரு ஞாயிறு மாலை நானே போனேன். விளக்குப் போடாமல், தொலைபேசிக்கு எதிரே நாற்காலியில், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நீயே கூப்பிட வேண்டியதுதானே?”

“என்னன்னு சொல்லிக் கூப்பிடறது? இத்தனை நாள் கஸின் பேசறேன்னு சொன்னேன். இப்ப யார் பேசறேன்னு சொல்ல?”

“பேரைச் சொல்லு. உனக்குத்தான் பேர் இருக்கே.”

“அவர் பேச விரும்பலன்னா?”

“அப்ப அதைத் தெரிஞ்சுக்கிட்டு விளக்கைப் போடு. இருட்டுல உக்காந்து என்ன பண்றே?”

அவள் கூப்பிடவில்லை. ஏப்ரலில் பள்ளி விடுமுறை தொடங்கிய அன்று காரை எடுத்துக்கொண்டு ஓஹையோவுக்குப் போய்விட்டாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. அங்கே நடந்ததைத் திரும்பி வந்த பிறகு, என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள்.

எல்டன் ஏணி மேல் நின்று கூரைத் தகரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாராம். எங்கள் மாநில வண்டி எண்ணைப் பார்த்துவிட்டு வெகுநேரம் இறங்கவே இல்லையாம். பிறகு சூப் டப்பா ஒன்றைத் திறந்து சூடாக்கி, சீஸ் ரொட்டி வாட்டி, டேலையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். டேல் சாப்பிட்டு எழுந்து போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

“உங்ககிட்ட பேசறதுக்கு எனக்கு ஒரு உரிமை இருந்துச்சு ரொவீனா. அந்த வரியோட அது போச்சு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூப்பிடறது?”

“அந்தப் பக்கத்தை நான் மூடி வெச்சிருக்கலாம். நீங்க காபி வாங்கப் போயிருந்தீங்க. லூசிலும் பாக்கல. யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“ஏன் மூடல?”

“கஸினா இருந்தா நீங்க வருஷத்துக்கு ஒரு வாரம் வருவீங்க. அது எனக்குப் போதல.”

இதை என்னிடம் சொல்லும்போதே அவள் கழுத்துவரை சிவந்துவிட்டது.

“அவர் என்னடி சொன்னார்?”

“சூப் ஆறுதுன்னார்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அப்புறம் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உக்காந்தார்.”

ஜூனில் பள்ளி மூடியதும் திருமண உரிமத்துக்கு இருவரும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். ஒரு கேள்வி வந்தபோது பேனாவைக் கீழே வைத்தேன். ஆனாலும் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

“நீங்க ரெண்டு பேரும் ரத்த சொந்தமா?”

ரொவீனா தரையைப் பார்த்தாள். எல்டன் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“இல்ல மேடம்,” என்றார். “நல்லாத் தேடிப் பாத்துட்டோம்.”

அறையில் வரி கட்ட வந்திருந்தவர்கள் நாங்கள் மூவரும் ஏன் இப்படிச் சிரிக்கிறோம் என்று பார்த்தார்கள்.

அவர் எங்கள் ஊருக்கே வந்துவிடுவார் என்றுதான் நான் நம்பியிருந்தேன். ஆனால் டேலுக்கு அவன் அறை மாறினாலே நாள் கணக்கில் நோய் அதிகமாகிவிடும்; அவனுடைய மருத்துவரும் அங்கேதான். எனவே அவள் போனாள். ஓடைக் கரையில் இருந்த தன் லார்க்கம் வீட்டை ஓர் இளம் தம்பதிக்கு விற்றாள். அந்த விற்பனைப் பத்திரத்தை நான்தான் பதிவு செய்தேன். முதல் தொகுதியிலிருந்து ஏதாவது ஒரு லார்க்கம் நிலம் வைத்திருந்த ஊரில் அதோடு லார்க்கம் யாரும் இல்லை. கிளம்பும் காலை அவள் அழவில்லை. கார்க் கண்ணாடியை இறக்கி, “ஹெர்பர்ட் கல்லறையில புல் வெட்டச் சொல்லு, அந்தப் பையன் ஓரத்தை எல்லாம் விட்டுடறான்,” என்று மட்டும் சொன்னாள்.

இப்போது ஞாயிறுகளில் தொலைபேசி என் வீட்டில் அடிக்கிறது. இலை நிறம் மாறிவிட்டதா, பேருந்தை யார் ஓட்டுகிறார்கள், மலைத் திருப்பத்தில் மெதுவாகப் போகிறார்களா என்றெல்லாம் கேட்பாள். பிறகு எல்டன் வாங்கிப் பேசுவார். தாங்க்ஃபுல்லைப் பெற்றவர்கள் யாரென்று இன்னும் தேடுகிறார்கள். அவர்களுக்காகக் கடலோர ஊர்களின் சர்ச்சுகளுக்கு நானும் எழுதிப் போடுகிறேன். எந்தக் கப்பல், எந்தக் கரை, குழந்தையைக் கொடுத்தார்களா அல்லது கடலிலேயே செத்துப்போனார்களா, எதுவும் இதுவரை தெரியவில்லை. கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை. நிறுத்தச் சொல்ல மனமும் வரவில்லை.

சென்ற வாரம் பேசும்போது ரொவீனாவின் குரல் சரியில்லை.

“ஒடம்புக்கு என்னடி?”

“ஒண்ணுமில்ல. இங்க ஒரு மலைகூட இல்ல லூசில். சாயங்காலம் ஆனா சூரியன் எங்க போய் ஒளியறதுன்னு தெரியாம நின்னுட்டே இருக்கு.”

“அவர் நல்லாப் பாத்துக்கறாரா?”

“ரொம்ப.”

“அப்புறம் என்ன?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. டேலுக்குச் சாப்பாடு வைக்கற நேரம்.”

அப்படிச் சொன்னாளே தவிர, தொலைபேசியை வைக்கவில்லை. அந்தப் பக்கம் தட்டுகள் எடுக்கிற சத்தம் கேட்டது, எல்டன் ஏதோ கேட்டார், டேல் சிரித்தான். நானும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.